நாற்பதுக்கு அடியில் ஒரு கோடு

கசில்டா சோக்கேயின் பள்ளிப்படிப்பு பத்து வயதோடு முடிந்தது. கணக்கில் பெரிது, சிறிது குறிகளை மாற்றிப் போட்டாள் என்று வாத்தியார் அவளைப் பலகை முன்னால் நிறுத்தி வகுப்பையே சிரிக்க வைத்தார். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

முப்பத்தெட்டு வயதில், பொலிவியாவின் ஓருரோ நகரத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நியேவெஸ் டீச்சர் ஒரே நிமிஷத்தில் சொல்லி முடித்தார்: "விரிஞ்ச பக்கம் பெரிசு, கூர்ப்பக்கம் சிறிசு. அடியில கோடு இருந்தா அந்த எண்ணும் சேர்த்தி."

இவ்வளவுதானா? இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையா? வீடு போகும்வரை கசில்டா அந்தப் பழைய வாத்தியாரைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் நகராட்சிச் சமையல்கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். 'வயது ≤ 40' என்றது அறிவிப்பு. எழுத்தர் செந்தேனோ அவள் மனுவைத் தள்ளிவிட்டார்.

"நாற்பதுக்குக் கீழ இருக்கணும்மா. உங்களுக்கு நாற்பது ஆயிடுச்சு."

"அடியில கோடு போட்டிருக்கே சார். நாற்பதும் சேர்த்தி."

"சட்டி கழுவ வந்துட்டு எனக்கே கணக்கு சொல்லித் தர்றீங்களா?"

"தெரியலன்னா யாராவது சொல்லித்தானே ஆகணும்."

அவள் நகரவில்லை. உள்ளேயிருந்து அதிகாரி வந்து பார்த்து, மனுவை வாங்கச் சொன்னார். வேலை கிடைத்தது.

அடுத்த வருஷ அறிவிப்பில் 'வயது < 40' என்றிருந்தது. பக்கத்து வீட்டு இலாரியாவுக்கு அந்த வாரம்தான் நாற்பது. அவளைத் திருப்பி அனுப்பியதைக் கேட்டதும் கசில்டா ஏப்ரனோடு அலுவலகத்துக்குப் போனாள்.

"இப்ப கோடு இல்ல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றார் செந்தேனோ, சிரித்துக்கொண்டே.

படித்தாள். அவர் சொன்னது சரி. அதுதான் அவளைச் சுட்டது.

"எங்களை வெளிய தள்ளவே அந்தக் கோட்டை எடுத்தீங்க, இல்ல?"

அவர் அடுத்த மனுவை எடுத்துப் புரட்டினார்.

மறுநாளிலிருந்து சமையல்கூடத்துப் பெண்கள் பதினாலு பேரும் பிள்ளைகளுக்கு வழக்கம்போல கினோவா தானிய சூப் காய்ச்சினார்கள். அதே அடுப்பிலிருந்து நகராட்சி அலுவலகத்துக்குப் போகும் மதியச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினார்கள். மிரட்டல் வந்தது. சம்பளத்தைப் பிடிப்போம் என்றார்கள். ஐந்தாம் நாள் 'வயது ≤ 45' என்று புது அறிவிப்பு ஒட்டினார்கள்.

இலாரியா சேர்ந்த அன்று செந்தேனோ சமையல்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"இப்ப திருப்திதானே?"

"இல்ல" என்றாள் கசில்டா, உருளைக்கிழங்கை உரித்தபடி. "நாற்பத்தாறு வயசுக்காரிக்கும் கைகால் இருக்கு."