பதினொரு கூடை

பரிசுப் பொட்டலம் எதையும் கத்தரி அக்கா கிழித்துப் பிரிப்பதில்லை. ஒட்டுநாடாவின் ஓரத்தில் நகத்தை நுழைத்து, மெல்ல மெல்ல உரித்து, தாளை மடியில் விரித்து நீவி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பல சமயம் பார்க்கவே மறந்துவிடுவார். "பாருங்களேன், உள்பக்கம் வெள்ளி வேற பூசியிருக்கான்!" என்று பூரித்துப்போவார். ஆசையாகக் கைக்கடிகாரம் வாங்கி வந்தவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பல் மருத்துவர் ஒருவரின் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. தொலைபேசியை எடுப்பது, நேரம் குறிப்பது, பயந்து நடுங்கி வருகிறவர்களை "ஒண்ணும் தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று பச்சைப் பொய் சொல்லி உள்ளே அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. கையுறை வந்த அட்டைப்பெட்டி, எக்ஸ்ரே படத்தின் பழுப்பு உறை, மாத்திரைப் பட்டையின் வெள்ளிக் காகிதம் என்று அங்கே குப்பைக்குப் போக வேண்டியதில் பாதி அக்கா வீட்டுக்குப் போகிறது. பல்லில் கறை சுரண்டும் கொக்கி ஒன்று மருத்துவர் கையில் இருந்தால் அக்காவின் பார்வை அதன்மேலேயே இருக்கும். "அது மழுங்கிடுச்சுங்களா டாக்டர்?" என்று கேட்பார். "போன வாரம்தாம்மா வாங்கினேன்" என்பார் மருத்துவர். ஆறு மாதம் விடாமல் கேட்டதில் மனிதர் சலித்துப்போய் ஒரு கொக்கியைக் கொடுத்தே விட்டார். காகிதப் பூவின் இதழைச் சுருட்டவும், அட்டையில் மடிப்புக்கோடு கீறவும் அதைவிடத் தோதான கருவி கிடையாது என்பது அக்காவின் கட்சி.

அக்காவுக்குப் பெயர் கொடுத்த கத்தரி வேறு. கறுப்புக் கைப்பிடி போட்ட, விரல் நீளமே உள்ள சின்னக் கத்தரி. துணியுறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்திருப்பார். அதை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை கணவர் அவசரத்துக்கு அதால் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டார். மனிதருக்கு மூன்று நாள் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. நாலாம் நாள்தான் அக்கா வாயைத் திறந்தார். "தாள் வெட்டுற கத்தரில பாலை வெட்டினா அப்புறம் அது கத்தரியாங்க?" அன்றிலிருந்து கணவர் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறக்கிறார். தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர் அவர். வீட்டில் தனக்கென்று ஒரு கத்தரி இல்லாததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தெருவில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் அக்கா கையால் ஒரு அட்டை போய்ச் சேர்ந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் ஐந்தாவது முயற்சியில் கார் ஓட்டும் தேர்வில் தேறியபோது போன அட்டையில், ஒரு காகிதப் பட்டையை இழுத்தால் கார் நகர்ந்து கம்பத்தில் முட்டும். நாலு கம்பம் வைத்திருந்தார். ஐந்தாவது இடத்தில் கம்பத்துக்குப் பதில் கைதட்டுகிற ஒரு காவலர். லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவருக்கு, இரண்டு கதவும் பக்கவாட்டில் விலகித் திறக்கிற அட்டை. ஆனாலும் அதிகக் கிராக்கி மன்னிப்பு அட்டைக்குத்தான். கல்யாண நாளை மறந்த கணவன்மார் மாதம் ஒருவராவது கதவைத் தட்டிவிடுவார்கள்.

எந்த அட்டையிலும் அக்கா உள்ளே ஒரு வரி எழுத மாட்டார். தலைகீழாக நின்றாலும் எழுத மாட்டார். "வெளிய அழகு பண்றது என் வேலை. உள்ள எழுதறது உங்க பாடு. தப்பு பண்ணது நீங்க, வார்த்தை மட்டும் நான் தரணுமா?" என்று கையில் திணித்து அனுப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் சாப்பாட்டு மேசையில் வேறு வேலை நடக்கும். வேதாகமத்தை விரித்து, அன்று படித்த பகுதியின் ஓரத்தில் படம் வரைவார். அந்தத் தாள் வெங்காயத் தோலைப்போல மெல்லியது. ஈர வண்ணம் பட்டால் மறுபக்கம் போய் எட்டிப் பார்க்கும். ஆகவே முதலில் நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்றைப் பட்டும் படாமலும் தடவி, அடியில் பிளாஸ்டிக் தகடு செருகி, தலைமுடி உலர்த்துகிற கருவியால் காற்றுக் காட்டி, அதற்குப் பிறகுதான் வண்ணம். அழிப்பானில் செதுக்கிய சிறு முத்திரைகள், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணி நாக்குகள், மடித்து ஒட்டிய குட்டிக் கதவுகள் என்று பத்து வருடத்தில் அவருடைய வேதாகமம் ஊதிப் பெருத்து, ரப்பர் நாடா போட்டால்தான் மூடும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. "இது புத்தகமா பாப்பா, தலகாணியா?" என்று அண்ணன் கேட்பார். ஐம்பத்திரண்டு வயதிலும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான்.

அண்ணன் அச்சகத்தில் முப்பத்து நாலு வருடம் மெய்ப்புத் திருத்தியவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். ஓய்வு பெற்ற பிறகும் காதில் செருகிய பென்சில் இறங்கவில்லை. மருந்துச் சீட்டு, உணவு விடுதியின் விலைப்பட்டியல், மின்கட்டணத் தாள் என எது கையில் கிடைத்தாலும் விடுபட்ட இடத்தில் கூரைபோல ஒரு குறி போட்டு, ஓரத்தில் சரியானதை எழுதிவிடுவார். பென்சில் படாத ஒரே புத்தகம் அவருடைய வேதாகமம். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார். அடிக்கோடு கிடையாது, முனை மடிப்பு கிடையாது. பதினொரு வருடம் தினமும் படித்தும் நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல இருக்கும். "அது திருத்த வேண்டிய பிரதி இல்ல பாப்பா" என்பார்.

அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவர் அண்ணி. அவர் இறந்த பின் அண்ணன் முதலில் தம்பி வீட்டில்தான் இருந்தார். அங்கே யாரோ டிவி ரிமோட்டை அதன்மேல் வைத்துவிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் காலை பெட்டியோடு வாசலில் நின்று, "ஒண்ணுமில்ல, பாப்பாவை ஒரு எட்டு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். வந்து மூன்று வருடமாகிறது. அவர் வந்த பிறகுதான் கத்தரி அக்கா வீட்டில் சாப்பாட்டு நேரம் கலகலப்பாக இருக்கிறது. அண்ணனும் கணவரும் ஒருவரை ஒருவர் வாருவதைக் கேட்டுச் சிரித்து அக்காவுக்குப் புரை ஏறாத நாளில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டால் கத்த மாட்டார், கிளம்பிவிடுவார் என்பதும் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

தலையணையாகிவிட்ட பழைய வேதாகமம் இனிமேல் தாங்காது என்று ஆனதும் அக்கா புதிதாக ஒரு வேதாகமம் வாங்கினார். அண்ணன் சிபாரிசின்படி, அவருடையதைப்போலவே அதே அச்சு, அதே கறுப்பு அட்டை. அடையாளத்துக்குத் தன்னுடையதற்குப் பூப்போட்ட துணியுறை ஒன்று தைத்துப் போட்டார். இரண்டும் ஒரே அலமாரியில் அக்கம்பக்கமாக இருந்தன.

அண்ணனுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த அன்று, துணைக்குக் கணவர் போயிருந்தார். வீட்டில் தனியாக இருந்த அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைத் துடைத்தார். திரைச்சீலையைத் துவைத்தார். போகிற போக்கில் அந்தத் துணியுறையையும் கழற்றித் துவைத்துக் காயப்போட்டார். அப்படியும் படபடப்பு அடங்கவில்லை. அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்து, ஆண்டவர் கொஞ்சம் அப்பத்தையும் மீனையும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பசியாற்றிய பகுதியை விரித்து, தூரிகையைத் தொட்டார்.

வேலை அருமையாக வந்தது. எல்லாரும் சாப்பிட்ட பின் மீந்ததைச் சேர்த்த கூடைகளை ஓரம் நெடுக வரிசையாக வரைந்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு. பழுப்பு வண்ணம் காய்ந்ததும் பல் கொக்கியால் கீறிக் கீறி முடைந்த கோடுகளைக் கொண்டுவந்தார். பதினொரு கூடையில் ஓரம் தீர்ந்துபோயிற்று. யார் எண்ணப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். புதுப் புத்தகத்தில் முதல் படம் வரைந்த தேதியைக் குறிக்கலாம் என்று முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே அண்ணியின் கையெழுத்து இருந்தது. "படிக்கிறப்ப என்னையும் நெனச்சுக்கோங்க."

உறையில்லாமல் இருந்த இரண்டில் அக்கா எடுத்திருந்தது அண்ணனின் புத்தகம். அழிப்பானால் அழிக்கிற சங்கதியா அது? கொக்கியால் கீறியல்லவா வைத்திருக்கிறது! சற்று நேரம் கழித்து ஒரு யோசனை வந்தது. இரண்டும் ஒரே அச்சுதானே? அண்ணி எழுதிய அந்த ஒரு தாளை நறுக்கி எடுத்துப் புதுப் புத்தகத்தில் ஒட்டிவிட்டால், கடவுளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஒட்டிய தடயம் இல்லாமல் ஒட்ட அவரைவிட்டால் ஆள் கிடையாது. உறையிலிருந்து கத்தரியை எடுத்தார். தாளை இரண்டு அலகுக்கும் நடுவே கொண்டுவந்தார். அண்ணி 'நெனச்சுக்கோங்க' என்கிற சொல்லின் வாலைத் தாளின் விளிம்புவரை இழுத்துச் சுழித்திருந்தார். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கத்தரியை உள்ளே வைத்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு வாரம் அக்கா பட்ட பாடு சொல்லி மாளாது. அண்ணன் படிக்கக் கூடாது என்று மருத்துவர் கட்டளை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் சாய்ந்திருக்க, அக்கா தினமும் படித்துக் காட்டினார். "என் புத்தகத்திலேருந்து படியேன் பாப்பா" என்றார் அண்ணன் ஒருநாள். "எல்லாத்துலயும் ஒண்ணுதானண்ணா போட்டிருக்கு" என்று சமாளித்தார். விஷயம் தெரிந்த கணவர் அடுப்படியில் வந்து கிசுகிசுத்தார். "பேசாம சொல்லிடும்மா. ஊருக்கெல்லாம் மன்னிப்பு அட்டை பண்ற, உனக்கு ஒண்ணு பண்ணிக்கத் தெரியாதா?"

"சும்மா இருங்க. அவர் பெட்டியைத் தூக்கினா நீங்களா போய் மறிப்பீங்க?"

ஆனாலும் பண்ணினார். சாம்பல் நிற அட்டை, முகப்பில் மஞ்சள் காகிதத்தில் வெட்டிய ஒரு குட்டிப் பென்சில், வேறு அலங்காரம் எதுவும் இல்லை. உள்ளே என்ன எழுதுவது என்று நாலு நாள் யோசித்தார். 'அண்ணா' என்று எழுதி அழித்ததற்கே தாள் மங்கிவிட்டது. புது அட்டை ஒன்று செய்தார். அதிலும் ஓடவில்லை. தன்னிடமிருந்து வெறும் அட்டையை வாங்கிக்கொண்டு போன அத்தனை கணவன்மாரையும் அன்றுதான் இரக்கத்தோடு நினைத்துக்கொண்டார்.

படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று மாலை, அண்ணன் கை கழுவித் துடைத்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். புத்தகத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். அட்டையைத் திறந்தார். திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே எழுதலையே பாப்பா?"

"வரலண்ணா" என்றார் அக்கா. "அது வச்சிருந்த பக்கத்தைப் பாருங்க. என்னோடதுன்னு நெனச்சு... உறையைத் துவைக்கப் போட்டிருந்தேன்..."

அண்ணன் பக்கத்தைப் பிரித்தார். கணவர் பிரிக்காத செய்தித்தாள் ஒன்றுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணன் முதல் பக்கத்துக்குப் போனார். அண்ணியின் எழுத்தைப் பார்த்தார். தாளின் அடியை விரலால் தடவினார். ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது அக்காவுக்கு விளங்கியது. பிறகு படத்துக்குத் திரும்பி வந்து, மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்திப் பத்தியைப் படித்தார். மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

"பதினொண்ணுதான் இருக்கு."

"இடம் பத்தலண்ணா."

"பன்னெண்டுன்னு தெளிவா போட்டிருக்கே. இடம் பத்தலன்னா விட்டுடறதா? எங்க அச்சகத்துல இப்படிப் பண்ணியிருந்தா..." என்றவரின் கை தன்போக்கில் காதுக்குப் போனது. பென்சில் இறங்கியது. பதினோராவது கூடையின் அடியில் கூரைபோல ஒரு சின்னக் குறி விழுந்தது. ஓரத்தில் 'இன்னும் 1' என்று எழுதினார்.

"ஐயோ அண்ணா, அதுல போய்..." என்று அக்கா பதறினார்.

"வேத வசனத்துல நான் கை வைக்கலையே. இந்தப் படம் உன் பிரதி. உன்னை யார் திருத்தறது?" அண்ணன் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். "உங்க அண்ணி இருந்திருந்தா, கூடைல ரெண்டு பூ வேற போடச் சொல்லியிருப்பா."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கைப்பையிலிருந்து எக்ஸ்ரே உறையின் பழுப்புத் தாளை எடுத்து நீவினார். அங்கே ஒட்டுவதற்கு நகமளவில் ஒரு கூடையைப் பென்சிலால் வரைந்தார். துணியுறையிலிருந்து கத்தரியை உருவினார். தாளுக்குக் கொண்டுபோனவர், ஒரு கணம் நின்றார். பிறகு கூர்முனையைத் தன் உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கைப்பிடியை அண்ணன் பக்கம் திருப்பி நீட்டினார்.