காகம் இறங்காத மாடி

"கா... கா... கா..."

தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தேன். அந்தக் குரல் கேட்டதும் மற்றக் கால் எழவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் சளியில் உரசி, முடிகிற இடத்தில் லேசாக உடைகிற குரல். மாடியில் நின்று காகத்தைக் கூப்பிடும் அப்பாவின் குரல். அப்பா இறந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அன்று அவருடைய நினைவு நாள். அவருக்குப் படைக்கத்தான் வில்லியனூரிலிருந்து பஸ் மாறிக் கிருமாம்பாக்கத்தில் இறங்கி, பாகூர் பக்கம் உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

கூப்பிட்டது அண்ணன். அது தெரிந்த பிறகும் முதுகில் ஏறிய குளிர் இறங்கவில்லை. மேலே வெயில் கொளுத்துகிறது, தார் ரோடு நெளிகிறது, எனக்குக் கைமுடி எழுந்து நிற்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் அகலமான முதுகு. வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிய வேட்டி. இடுப்பில் ஒரு கை. அப்பா போன வயதை அண்ணன் இந்த வருடம்தான் எட்டியிருந்தான்.

அப்பா சாப்பிட்ட கையோடு போனவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சுவரில் சாய்ந்து, ஏப்பம் விட்டு, அப்படியே. கை கழுவவில்லை. தூக்கிக் கிடத்தும்போது விரல்களில் ஆட்டுக்கொழுப்பு மினுமினுத்தது. அதை யார் துடைத்தார்கள், துடைத்தார்களா, எனக்கு நினைவில்லை. கறி வறுபடும் வாசனை எங்கே வந்தாலும் அந்த விரல்கள் என் கண்முன் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் நினைவு நாளன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்போம். கொழுப்போடு கறி வறுவல், நல்லவாட்டிலிருந்து வருகிற வஞ்சிரம், வடை, முட்டை, நெய் ஊற்றிய சோறு. மாடியில் காகத்துக்கு முதல் உருண்டை. காகம் எடுத்த பிறகு மூத்த மகன் அப்பாவின் இலையில் உட்கார வேண்டும். இலையில் இருப்பது எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. காகம் எடுக்கும்வரை அவன் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது.

வருடா வருடம் அந்த இலையில் உட்கார்ந்து உட்கார்ந்து அண்ணன் அப்பாவாகிக்கொண்டே வந்தான். மற்ற நாளிலும் அதே சாப்பாடுதான், நினைவு நாளில் சற்றுக் கூடுதல். முதலில் வயிறு வந்தது. பிறகு அந்தக் கழுத்து. பிறகு படியேறும்போது வருகிற மூச்சுச் சத்தம். கடைசியாகக் குறட்டை. ஒருமுறை பகலில் கொல்லைப் பக்கமாக அவன் தூங்கும் அறை ஜன்னலைத் தாண்டும்போது நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அப்பா தூங்கும்போது அப்படித்தான் தாண்டுவோம்.

போன மழைக்காலத்தில் கரும்பு லோடு ஏற்றுகிற இடத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். எடை குறைய வேண்டும், எண்ணெயும் உப்பும் குறைய வேண்டும், தினம் நடக்க வேண்டும். இதிலெல்லாம் முன்னே பின்னே ஆனாலும், மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டால் ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அண்ணி வரிந்து கட்டிக்கொண்டாள். ஊறுகாய் ஜாடி எதிர்வீட்டுக்குப் போனது. கருவாடு வாங்குவது நின்றது. எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றி, குழம்புக்குக் கரண்டியால் அளந்து ஊற்றினாள். "ஆஸ்பத்திரி சோறே தேவலடி, அதுலயாவது உப்பு இருந்துச்சு" என்று அண்ணன் தட்டை நகர்த்துவான், பிறகு இழுத்துக்கொள்வான். விடிகிற நேரத்தில் ஏரிக்கரையில் நடந்தான். சட்டை தளர்ந்தது. கன்னத்தில் எலும்பு எட்டிப் பார்த்தது. அப்பாவுக்குள்ளிருந்து மெதுவாக அண்ணன் வெளியே வரத் தொடங்கியிருந்தான்.

ஆனால் அன்று மாடியில் நின்றது யார் என்று எனக்கு நிச்சயமில்லை.

உள்ளே நுழைந்தபோது அண்ணி அடுப்படியில் நின்றிருந்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. முருங்கைக்கீரை, காராமணிச் சுண்டல், கத்திரிக்காய்க் கூட்டு, எண்ணெய் மிதக்காத சங்கரா மீன் குழம்பு, கொஞ்சமாகச் சோறு. அந்தப் படத்துக்கு முன்னால் இப்படி ஓர் இலையை நான் பார்த்ததே இல்லை.

"வா பாப்பா. ஒங்கண்ணன் எப்பலேர்ந்தோ கத்திக்கினே இருக்காரு. ஒண்ணுகூட எறங்கல."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, திரும்பாமலே சொன்னார்: "எப்படி எறங்கும்? கீரையப் பாத்து எறங்கி வர்றதுக்கு எங்கண்ணன் இன்னா ஆடா?"

"கறியத் துன்னுதான சின்ன மாமா அவரு போனாரு," என்றாள் அண்ணி. "போன எடத்துலயாவது ஒடம்பு நல்லா இருக்கட்டும்."

"செத்தவனுக்கு இன்னாடி ஒடம்பு?"

"ஒடம்பே இல்லன்னா அவருக்குக் கறி மட்டும் எதுக்கு?"

சித்தப்பா எழுந்தார். நாற்காலிக்கு அடியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை இருந்தது. கொழுப்போடு கறி. முன்பே வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். யாரையும் கேட்காமல் கொல்லைக்குப் போய் விறகடுப்பை மூட்டினார். சற்று நேரத்தில் அந்த வாசனை வீட்டுக்குள் வந்தது. சுவர்களுக்குத் தெரிந்த வாசனை. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நான் என் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

துண்டு இலையில் கறியை ஏந்தி அவர் மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். கைப்பிடிச் சுவரில் அண்ணன் வைத்த கீரைச் சோற்று உருண்டை காய்ந்து வெடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆவி பறக்கக் கறியை வைத்தார்.

"இப்ப கூப்புடுடா."

"கா... கா... கா..."

ஏரிக்கு அந்தப் பக்கம் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கொக்குகளும் காகங்களும் புழு பொறுக்கும். ஊர்க் காகமெல்லாம் அங்கே போயிருக்கலாம். எல்லாம் போய்விட்டதாகவும் சொல்ல முடியாது. எதிரே கரண்டுக் கம்பியில் சில உட்கார்ந்திருந்தன. கத்தவில்லை, இறகு கோதவில்லை. எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அவை பார்த்தது சோற்றையும் இல்லை, கறியையும் இல்லை. அண்ணனை.

கறி ஆறியது. கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.  

அண்ணனின் சட்டையில்லாத முதுகில் வியர்வை வழிந்தது. உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் எடுத்துவரக் கீழே ஓடினேன். அடுப்படி ஜன்னலில் அவனுடைய மாத்திரை டப்பா, வேளைக்கு ஓர் அறையாக. கண்ணாடி மூடி வழியே உள்ளே தெரிந்தது. அன்று காலைக்கானவை அப்படியே இருந்தன. முந்தின இரவுக்கானவையும் இருந்தன.

டப்பாவை அண்ணியிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போட்டுட்டன்னு சொன்னாரே பாப்பா," என்றாள். மிக மெதுவாகச் சொன்னாள். பிறகு படத்துக்கு முன்னாலிருந்த இலையை இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் சொம்பும் டப்பாவுமாகப் பின்னால் ஏறினேன்.

"மாத்திரைய ஏங்க போடல?"

"அப்பாவுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி வாயில எப்படிடீ வைக்கிறது? நேத்து பொழுது சாஞ்சதுலேர்ந்து சுத்தமா இருக்கன்."

"மாத்திரை சோறாங்க?"

"முழுங்கறதுதான?"

"இதுக்குப் பயந்துதான வருசம் முழுக்க உப்பில்லாம ஆக்கிப் போட்டன். இப்ப ஒரு காக்காவுக்காகப் போயிடுவீங்களா?"

"அது எடுக்கட்டும். ஒரு வாய் எடுத்துட்டா போட்டுக்கறன். சும்மா இரு."

மறுபடி கூப்பிட்டான். பாதியில் மூச்சு நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியா பாப்பா, கறி வச்சும் வரல. கீரைமேல கோவம் இல்ல அவருக்கு."

"அப்ப இன்னாண்ணே?"

"மேல இல்ல போல. வேற எங்கியோ இருக்காரு."

"எங்க?"

அவன் இடதுகை நெஞ்சை மெல்லத் தடவியது. வலியில் தடவுகிற மாதிரி இல்லை. இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடுவோமே, அந்த மாதிரி.

"தெர்ல," என்றான்.

பிறகு திரும்பி நின்று மீண்டும் கூப்பிட ஆரம்பித்தான். அந்த முதுகு. அந்த உடைகிற குரல். கொழுப்பு வாசனை. எனக்கு எது எந்த வருடம் என்று குழம்பியது. யோசித்துச் சொன்னதாக நான் பொய் சொல்ல மாட்டேன். வாய் தானாகத் திறந்தது.

"அப்பா, போதும். வந்து சாப்புடு."

குரல் நின்றது.  சித்தப்பா என்னைப் பார்க்காமல் அண்ணன் முதுகைப் பார்த்தார்.

அண்ணன் திரும்பினான். வெறும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்பா திரும்புவது போல உடம்பு மொத்தமும் ஒரே பலகையாகத் திரும்பியது.

"தோ வரன் கண்ணு."

அண்ணன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவனுக்கு நான் பாப்பா. கண்ணு என்று இந்த உலகத்தில் என்னை ஒருவர்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கைப்பிடிச் சுவரிலிருந்த கீரைச் சோற்று உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தான் என்று எழுத வேண்டும், கை வரவில்லை. காகத்துக்கு வைத்ததைத் தன் வாயில் போட்டார். நிதானமாக, நாக்கு மேலண்ணத்தில் தட்டும் சத்தத்தோடு மென்றார். சித்தப்பாவின் கை தோளுக்குப் போய்த் துண்டை எடுத்து இடுப்புக்கு இறக்கியது. தன் அண்ணன் மகனுக்கு முன்னால், துண்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு கிழவர் நின்றார்.

எங்கள் எல்லோரிலும் அண்ணிதான் முதலில் சுதாரித்தாள். தட்டை அவர் முன்னால் வைத்து, என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, காலை வேளைக்கான மாத்திரைகளை மட்டும் இலையின் ஓரத்தில் கொட்டினாள். இலையில் வைத்தது எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. அவருக்கு அது தெரியும். முதலில் மாத்திரைகளை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு கீரை, சுண்டல், கூட்டு, மீன். ஒரு பருக்கை விடவில்லை. சித்தப்பா கறியை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது, இடது புறங்கையால் அதைத் தள்ளினார். பார்க்கக்கூட இல்லை.

முடித்ததும் கையை நீட்டினார். அண்ணி சொம்பிலிருந்து ஊற்றினாள். விரல் விரலாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எண்ணெயே இல்லாத சாப்பாட்டுக்கு அவ்வளவு நேரம் யாரும் கை கழுவ மாட்டார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தளத்தில் ஓடி, வெயிலில் உடனே காய்ந்தது.

"இன்னா பாப்பா, வெயில்ல நின்னுக்கினு?" என்றான் அண்ணன். அவன் குரலில்.

அண்ணி அவனை உட்காரவிடவில்லை. ஆட்டோ பிடித்து ரோட்டோரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். டாக்டரம்மா அச்சுக் காகிதத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றும் இல்லை, பிரஷர்தான் ஏறியிருக்கிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டினார்.

"மாத்திரைக்கு விரதம்னு யாருய்யா சொன்னது?"

அண்ணன் குனிந்துகொண்டான். "எங்க வூட்டு வழக்கம்மா."

"வயித்துக்கு விரதம் இருங்க, அதுவும் எங்கிட்டக் கேட்டுட்டு. மாத்திரைக்கு இருக்காதீங்க. காக்கா வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தட்டையும் சொம்பையும் எடுத்துவர மாடிக்குப் போனேன். தள்ளப்பட்ட கறி அங்கேயே கிடந்தது. காகம் தொடவில்லை. எறும்பும் ஏறவில்லை. கம்பியில் யாரும் இல்லை.

பஸ் ஏற்றிவிட அண்ணனும் வந்தான். கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் கடலூர் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவன் ரோட்டோரம் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். அன்றைய நடையை முடித்துக்கொள்கிறானாம். என் பக்கத்தில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மாடியில நான் இன்னா சொன்னன் பாப்பா? அவ கேட்டா சொல்ல மாட்டன்றா."

"ஒண்ணும் சொல்லலண்ணே. சாப்ட்ட."

"அவ்ளோதானா?"

"கையக் கழுவிக்கின."

தலையாட்டினான். நம்பினானா தெரியவில்லை. என் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் கீழே நின்றான், முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இல்லை. பஸ் நகரத் தொடங்கியதும் எட்டிச் சொன்னேன்.

"அண்ணே, ராத்திரி மாத்திரைய மறந்துடாத."

கையைத் தூக்கினான். அல்லது தூக்கினார்.

"போட்டுக்கறன் கண்ணு."