அக்கா வைத்த சேனை

நத்தம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாகல் நகரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் சிறு வயதிலேயே போய்விட, பள்ளிச் சீருடை தைத்தே காலம் தள்ளினார். பிள்ளை இல்லை. வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு மகன் பிறந்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். "என்னைய மாதிரி வாயாடியாப் போயிருவான், பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே அக்கா வைத்தார்.

மறுநாள் பிள்ளை பச்சை பச்சையாக வாந்தி எடுத்தான். வயிறு உப்பியது, மலம் போகவில்லை. வந்திருந்த சொந்தங்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தினேன்: "பிள்ளையில்லாதவ கையால வச்சா வேற என்ன ஆகும்!"

வயிற்றில் சிக்கியதை வாயால் உறிஞ்சி எடுப்பவரிடம் போய்த் தொக்கம் எடுத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னபோதுதான் அக்கா வாய் திறந்தார். "தொக்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிரசவம் பாத்த டாக்டரம்மா மதுரைக்குத்தான் போகச் சொல்லுறாங்க. கெளம்புங்க தம்பி" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் துண்டில் சுற்றினார்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுகுடல் ஓரிடத்தில் அடைபட்டே பிறந்திருக்கிறது, அந்த இடத்தை வெட்டி இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "சீனித் தண்ணியால வந்ததா சார்?"

"இல்லம்மா, வயித்துல இருக்கும்போதே வந்தது. ஆனா இனிமே எந்தப் பிள்ளைக்கும் தாய்ப்பாலத் தவிர எதுவும் குடுக்காதீங்க."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அறுவைக்குப் பிறகு மூக்குக் குழாயில் பச்சை நீர் வடிந்துகொண்டே இருந்தது. வாயில் ஒரு சொட்டும் கூடாது. மலம் போனால்தான் குடல் வழிவிட்டதாக அர்த்தம் என்றார்கள். பிழைப்பானா மாட்டானா என்று தெரியாமல் கிடந்தோம். ஆறாம் நாள் காலை வார்டே அதிர அக்காவின் குரல்: "அடியே, பய வெளிக்குப் போயிட்டான்டி!" அந்தத் துணியைக் கோயில் பிரசாதம் போல எல்லோரிடமும் காட்டினார்.

நான் பீய்ச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் ஊற்றி நர்ஸம்மா நீட்டியபோது அக்கா பின்னால் நகர்ந்தார். "நீயே குடுடி. என் கை வேணாம்." அவர் கையைப் பிடித்து இழுத்துப் பாலாடையை வைத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவே இல்லை.

மகன் இன்று காந்திகிராமத்தில் படிக்கிறான். வாயாடிதான். சென்ற ஆண்டு அக்கா வாதத்தில் படுத்தபோது கஞ்சி ஊட்டியது அவன்தான். "என் கை ராசி எப்பிடி, பெரியம்மா?" என்பான். கோணிய வாயோடு சிரிப்பார்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த நாகல் நகர் அண்டை வீட்டாரையும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோத் தம்பிகளையும், அன்று என் பிள்ளையைக் காப்பாற்றிய மருத்துவரையும் நர்ஸம்மாவையும் கைகூப்பி வணங்குகிறோம்.

நான் அன்று கத்தியதைக் கேட்ட சொந்தங்கள் பலர் கையில் இப்போது அக்காவின் இந்த நினைவு மலர் இருக்கிறது. உங்கள் முன்னால் சொன்னதை உங்கள் முன்னாலேயே திரும்பப் பெறுகிறேன். அக்கா கையில் ஒரு குற்றமும் இல்லை. என் வாயில்தான் இருந்தது. என்னைய மன்னிச்சிரு, அக்கா.