கட்டுப் போட்ட முழங்கால்

விஜயபுரம் தாமோதரம் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரன். கோல் அடிப்பவனுக்குப் பந்து கொடுப்பதுதான் அவன் வேலை. 1996இல் வளைகுடாவிலுள்ள ஒரு கட்டுமானக் கம்பெனி, தன் அணிக்காகவே அவனைக் கூட்டிப்போனது. பகலில் கம்பி கட்டினான், மாலையில் ஆடினான். பாஸ்போர்ட் மேனேஜரிடம் இருந்தது. அணி ஜெயித்துக்கொண்டே இருந்ததால், லீவு கேட்கும்போதெல்லாம் “இந்தப் போட்டி முடியட்டும்” என்றார்கள். ஊரில் பிறந்த மகளை அவன் இன்னும் பார்க்கவில்லை.

நான் திருச்சானூர்க்காரி. அந்தக் கம்பெனியின் தொழிலாளர் கிளினிக்கில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, முட்டி போச்சின்னு கட்டு போட்டு வுடு. ஆடாதவன வச்சிக்கினு இவனுங்க இன்னா பண்ணுவானுங்க?” என்றான் தாமோதரம்.

நல்ல காலுக்கு இறுக்கமாகக் கட்டுப் போட்டேன். ஒழுங்காக நொண்டினான். மேனேஜர் டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

கிளம்பும் நாளன்று விடைபெற மைதானத்துக்குப் போனான். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பந்து கோட்டைத் தாண்டி அவனிடம் உருண்டு வந்தது. கட்டுப் போட்ட காலாலேயே தூக்கி அடித்தான். எதிர்ப்புறம் ஓடிக்கொண்டிருந்தவனின் காலடியில் போய் விழுந்தது.

கோச், மொராக்கோ நாட்டு அணியில் நடுக்களத்தில் ஆடி ஓய்வு பெற்றவர். “கட்டை அவிழ்த்துவிட்டு உள்ளே வா” என்றார்.

“ஏன்டா அடிச்ச?” என்று கேட்டேன்.

“அவன் தனியா ஓடிக்கினு இருந்தான்க்கா. பந்து என் காலாண்ட வந்துச்சி. நான் இன்னா பண்றது?”

டிக்கெட் ரத்தானது. சில வருடம் கழித்து முட்டி நிஜமாகவே போன பிறகுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அந்தக் கட்டையும் நான்தான் போட்டேன்.