அந்த மெசேஜை அனுப்பியது அமலா அக்கா இல்லை

அமலா அக்கா போய்விட்டார். முந்தாநாள் காலை அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தவரை தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாப்பிரெட்டிப்பட்டியில் நாங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அக்கா ஊர் ஊராகப் போய் சர்வே எடுப்பவர். நான் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்தவன்.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாக RIP... நடுவில் ஒருவர் கேட்கிறார். "பொம்பளைங்களுக்கெல்லாம் அடி வாங்கிக் குடுத்தாங்களே, அந்த அக்காவா?"

பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், வீட்டுக்குள் பெண்கள் வாங்கும் அடி உதை பற்றி ஒரு சர்வே. டேப்லெட்டில் எடுப்பது என்று முடிவானது. அதற்கு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று இலவசம், பார்க்கவே சகிக்காது. இன்னொன்றில் கலர் கலராக சார்ட், யார் எங்கே பதில் சொன்னார்கள் என்று உடனுக்குடன் திரையில் ஓடும்.

அக்கா இரண்டையும் ஒரு வாரம் ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, அந்த அசிங்கமானதே போதுங்க" என்றார்.

"ஏன்க்கா?"

"கேட்டுட்டு இருக்கறப்ப புருசங்காரன் வந்துட்டா, அதுல ஒரே தட்டுல பக்கத்த மாத்தீறலாங்க. நேத்து ஒருத்தன் வந்து நின்னான். டக்குனு மாத்தி, எத்தன மாடு வெச்சிருக்கீங்கன்னு கேட்டன். அவனே உக்காந்து மாட்டுக் கதையெல்லாம் சொல்லிட்டுப் போறான்."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு கலர் சார்ட் இருந்ததைத்தான் வாங்கினேன். நன்கொடை கொடுப்பவர்கள் பெங்களூரிலிருந்து பார்க்க வருவார்கள், அவர்கள் முன்னால் பந்தாவாக இருக்க வேண்டும். வேறு ஒரு காரணமும் இல்லை.

அதோடு விட்டேனா... சர்வே எடுப்பவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து தாங்களே டிக் அடித்துவிடுவார்கள் என்று எனக்கு சந்தேகம். அதனால் போன் நம்பர் போட்டால்தான் ஃபாரம் முடியும் என்று வைத்தேன். அந்த நம்பருக்குத் தானாக ஒரு நன்றி மெசேஜ் போகும்படியும் வைத்தேன். அது போய்ச் சேர்ந்தால் என் திரையில் பச்சை டிக் விழும், நம்பர் நிஜம் என்று தெரிந்துவிடும்.

"அந்தப் பொம்பளைங்களுக்கு ஏதுங்க தம்பி போனு? வூட்டுக்காரன் நம்பரத்தான் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

"சும்மா ரெக்கார்டுக்குத்தான்க்கா. யாரும் கூப்பிட மாட்டாங்க."

மெசேஜ் போகும் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவரையும் சேர்த்துத்தானே சந்தேகப்பட்டேன்.

சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு ஊர். சிக்னல் கிடையாது. மூன்று நாள் எடுத்த பதில்கள் டேப்லெட்டிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவின் ஸ்கூட்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் சிக்னல் கிடைத்து மொத்தமும் ஒரேயடியாக நெட்டில் ஏறியது.

ஆபீஸில் என் திரையில் பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்தது. முப்பத்தொரு மெசேஜ். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "31 பதில்" என்று மட்டும் எழுதி, கைதட்டும் பொம்மையோடு குரூப்பில் போட்டேன்.

"குடும்ப வன்முறை பற்றிய எங்கள் கேள்விகளுக்கு உங்கள் வீட்டிலிருந்து பதில் அளித்தமைக்கு நன்றி." நான் எழுதிய வாசகம். பொம்மிடியிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வேலையில் இருந்த புருஷன்மார்களின் சட்டைப் பையில் போய் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த ஊரில் பல வீட்டில் அடி. ஒருத்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தெரு முழுக்க இழுத்திருக்கிறான். இன்னொருத்திக்கு முன்பல் இரண்டும் போனது. ராணி (பெயரை மாற்றியிருக்கிறேன்) வீட்டில் புருஷன் மண்வெட்டிக் காம்பை எடுத்தான்.

பக்கத்து வீட்டு அம்மா மேட்டில் ஏறி நின்று அக்காவுக்கு போன் செய்திருக்கிறார். "எங்க கண்ணு இருக்கற? நீ ஏதோ மெசேஜு அனுப்புனயாமா. ராணியப் போட்டுக் கொல்றான், ஓடியா."

என்ன மெசேஜ் என்றுகூட அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் ஸ்கூட்டியைத் திருப்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ராணியின் வலது கை ஏற்கெனவே உடைந்திருந்தது. அக்கா அவள்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். அடுத்த மூன்று அடியும் அக்காவின் தலையில். மூன்றாவது அடியில் காம்பே முறிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த அடியிலிருந்துதான் வலிப்பு.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் நிறுவனத்தை நடத்தும் மேடம் வந்தார். "யார் அந்த மெசேஜை ஆன் பண்ணது?" என்று கேட்டார். நான் கையில் இளநீரோடு கட்டில் பக்கத்தில் நிற்கிறேன்.

"நான்தாங்க மேடம். டேப்ல கை தெரியாம பட்டுருச்சு" என்றார் அக்கா.

டேப்லெட்டில் அதை ஆன் செய்யவே முடியாது. என் லாகினில் மட்டும்தான் முடியும். மேடத்துக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு அக்காவிடம் நீட்டினேன்.

மேடம் போன பிறகு அக்கா சொன்னார். "நம்பரு எதுக்குக் கேட்டீங்கன்னு புரிஞ்சுபோச்சுங்க தம்பி. உங்களுக்கு இப்பத்தான் கொழந்த பொறந்திருக்குது. எனக்கு எந்திரிச்சாவே தல சுத்துதுங்க, இனி எங்க வேலைக்கிப் போறது? வுடுங்க."

விட்டுவிட்டேன். இத்தனை வருடமாக.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ராணி வந்திருந்தாள். கூட்டத்தில் சேராமல் கம்பிவேலி ஓரமாக நின்றிருந்தாள். நானாகத்தான் பக்கத்தில் போனேன்.

"எம்மேல வுழுந்து அடி வாங்குனாங்க, இல்லீன்னு சொல்லல. ஆனா மாட்டிவுட்டதும் அவங்கதானன்னு பேசவே இல்லீங்க. ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்தாங்க. கதவச் சாத்திட்டன்" என்றாள்.

"அது அக்கா இல்ல. நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயாடா?"

கோணலாகக் கூடிப்போன அந்தக் கையாலேயே அறைந்தாள். ஒன்று, இரண்டு... எண்ணவில்லை. யாரோ வந்து பிடிக்கும்வரை அடித்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு, மண் போட்டு மூடிக்கொண்டிருந்த குழியைப் பார்த்து ஓடினாள். "அக்கா, கதவத் தொறக்காமப் போயிட்டனே" என்று அவள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது.

அமலா அக்கா... போய் வாருங்கள்.