குனிய முடியாத நாள்

பிரவீனா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கார் சீட் தைக்கும் லைனில் இருக்கிறாள். காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு, தான் போய்வரும் கிறிஸ்தவ சபையின் மூன்று நாள் மாநாட்டுக்குப் போனாள். டிவிக்காரன் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அத்தனை ஆயிரம் பேரில் அவனுக்கு இவள்தான் கிடைத்தாளா? கடைசி நாள் மட்டும் அவளால் குனிய முடியவில்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். செய்தியில் வந்த படம். வேலை போயிற்று என்று நினைத்தாள்.

"உன் காய்ச்சல் கெடக்கட்டும். பக்கத்துல கீறது என் சம்சாரம். அம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. எத்தினி நாளா அங்க வர்றா?"

"அவங்க யாருன்னே தெரியாது சார்."

அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பிரவீனாவின் மடியில் அவருடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.