திரி ஈரமாகத்தான் இருந்தது

எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் சூட்டை அளப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தாள் என்றால் வெளியே சிரிப்பார்கள். "உலைக்குப் பக்கத்துல நின்னா சுடும்னு தெரியாதா? அதுக்கு ஒரு ஆளா?" என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுட்டால் ஆள் விழுவான் என்பது யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் மீட்டரக்கா இருந்தாள்.

நான் அங்கே முதலுதவி அறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். தீக்காயத்துக்குக் களிம்பு, கண்ணாடி கிழித்த விரலுக்குக் கட்டு, தலைவலி என்று பொய் சொல்லிக்கொண்டு படுக்க வருகிறவனுக்கு ஒரு திட்டு, இவ்வளவுதான் என் வேலை. அறை வாசலில் நின்றால் மூன்றாம் லைன் முழுக்கத் தெரியும். அதனால் அக்காவைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஆள் குள்ளம், நடை மட்டும் ஓட்டம். தோளில் ஒரு முக்காலி, கையில் ஒரு பெட்டி. முக்காலியை விரித்து மீட்டரை அதன்மேல் மாட்டுவாள். அதில் மூன்று கொம்புகள். ஒன்றில் உலையின் அனலை வாங்கிக்கொள்ளக் கறுப்புக் குண்டு. இன்னொன்றில் வெறும் வெப்பமானி. மூன்றாவதிலும் வெப்பமானிதான், ஆனால் அதற்கு வெள்ளைப் பருத்தித் திரி ஒன்றைச் சட்டை போல மாட்டி, வாலைச் சின்னக் கிண்ணத்திலிருக்கும் பேட்டரித் தண்ணீரில் விட்டிருப்பார்கள்.

"இந்தத் திரிதான் நம்ம உடம்பு மாதிரி," என்பாள். "ஈரம் காயக் காய இது ஆறும். காத்துலயே ஈரம் ஜாஸ்தியா இருந்தா ஆறாது. இது ஆறலைன்னா நாமளும் ஆற மாட்டோம்."

மூன்றையும் சேர்த்து மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். அது வெறும் வெயில் டிகிரி இல்லை, தனிக் கணக்கு. முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டால் அக்கா சிவப்பு அட்டையைத் தூக்குவாள். தூக்கினால் லைன் நிற்க வேண்டும், ஆட்கள் அரை மணி நேரம் குளிர் அறையில் போய் உட்கார வேண்டும். சூப்பர்வைசரே ஆனாலும் குறுக்கே பேசக் கூடாது. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

பேக்கிங்கில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அவள் தம்பி. மூன்றாம் லைனில் அச்சுகளுக்கு எண்ணெய் தடவுகிறவன். உலைக்கு அவனைவிடக் கிட்டத்தில் நிற்கிறவர் யாரும் இல்லை. அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். தனக்கே பன்னிரண்டு வயதாக இருந்தபோது இவள்தான் அவனுக்குச் சோறு ஊட்டியவள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நீ முதல்ல பண்ணிக்கோ", "நீ முதல்ல பண்ணிக்கோ" என்று சொல்லிச் சொல்லியே வயதைக் கடத்திவிட்ட இரண்டு பிடிவாதங்கள். "அவன் அங்க நிக்கறான். யாரோ வந்து அளக்கறதுக்கு நானே அளந்துட்டுப் போறேன்," என்றாள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிண்ணத்தில் தண்ணீர் விட மறந்துபோனாள். திரி காய்ந்தால் ஆறுவது நின்றுவிடும், இல்லாத சூட்டையெல்லாம் மீட்டர் காட்டும். முப்பத்தைந்து காட்டியது. அக்கா பதறிப்போய் அட்டையைத் தூக்கிவிட்டாள். லைன் நின்றது. உருகிய கண்ணாடி அரை மணி நேரம் குழியில் கொட்டி வீணாகப் போனது. கடைசியில் பாதுகாப்பு அதிகாரி வந்து திரியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "காஞ்சு கெடக்குதேம்மா," என்றார்.

அன்றிலிருந்து அவள் மீட்டரக்கா இல்லை, திரியக்கா. "திரியக்கா, தண்ணி குடிச்சியா? உன் திரி குடிச்சுச்சா?" என்று போகிற வருகிறவனெல்லாம் கேட்டான். தம்பியும்கூடக் கேட்டான், அவன் கேட்டது செல்லம். நானும் ஒருதரம் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது. அக்கா சிரித்துக்கொண்டேதான் போவாள். ஆனால் அதன்பிறகு ஒரு மணி நேரத்தில் நாலு தடவை திரியைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு பகல். பெய்தும் பெய்யாமலும் ஒரு மழை வந்துபோன பிறகு காற்று பிசுபிசுவென்று நின்றுவிட்டது. கூரை மின்விசிறிகளில் இரண்டு ஓடவில்லை. அக்கா மூன்றாம் லைனில் மீட்டரை வைத்தாள். முப்பத்து மூன்றைத் தாண்டியிருந்தது. குனிந்து சிவப்பு அட்டையைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, திரியப் பாத்தியா?" என்று சூப்பர்வைசர் லைனின் அந்தக் கோடியில் நின்றபடியே கேட்டார். அவர் அதட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அக்கா அட்டையைக் கீழே வைத்தாள். திரியைத் தொட்டாள். ஈரமாகத்தான் இருந்தது. கிண்ணத்தில் முக்கால் அளவு தண்ணீர் இருந்தது. அப்போதாவது தூக்கியிருக்கலாம். அவளோ பெட்டியைத் திறந்து புதுத்திரி எடுத்து மாட்டி, தண்ணீரையும் மாற்றி, எண் நிலைகொள்ளட்டும் என்று காத்திருந்தாள். அதற்கு இருபது நிமிஷம் ஆகும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவளை நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். போய் என்னவென்று கேட்டிருக்கலாம். எனக்குச் சோம்பல்.

பதினேழாவது நிமிஷம் தம்பி விழுந்தான்.

என் அறைக்குத் தூக்கி வந்தபோது உடம்பு தொட முடியாமல் கொதித்தது. சைக்கிள் சாவி எங்கே, சைக்கிள் சாவி எங்கே என்று உளறினான். அவனிடம் சைக்கிளே கிடையாது. இருந்த ஐஸ் தண்ணீரையெல்லாம் அவன்மேல் கொட்டினோம். ஆம்புலன்ஸ் போனபிறகு நான் லைனுக்குப் போய்ப் பார்த்தேன். புதுத்திரியோடு மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் என் அறையில் வைத்தே அக்காவிடம் பேசினார். "முதல் தடவை பார்த்தப்ப திரி காஞ்சிருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. அப்போ அந்த எண்ணே கணக்கில வராது. உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

அவர் போனதும் நானும் அதையேதான் சொன்னேன். "எழுதிக் குடுத்துடுக்கா. உண்மையச் சொல்லி நீ எதைத் திருப்பிக் கொண்டுவரப் போறே? சரியான எண்ணைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன்னு உன் வாயாலயே சொல்லணுமா?"

"ஈரமாத்தான் இருந்துச்சு," என்றாள். "தொட்டுப் பாத்தேன்."

மறுநாள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசரை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள். அக்காவிடமிருந்து மீட்டரை வாங்கிக்கொண்டு மறுபடி பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். எண் தாண்டினால் முதலில் அட்டையைத் தூக்க வேண்டும், திரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புது விதி வந்தது. இந்தப் புத்தி முன்னாடியே வந்திருந்தால் என்ன கேடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், நாக்கு குழறுகிறது. பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது, விழுந்த நாள்கூட. அதற்குப் பிறகு நடப்பது எதுவும் மறுநாள் வரை தங்குவதில்லை.

அவன் முதல்முதலாகக் கேட்டபோது நான் அங்கே இருந்தேன்.

"அக்கா, செவப்பு அட்டையக் கையில எடுத்தியே, ஏன் கீழ வெச்சே?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "சிரிப்பாங்களோன்னு பயந்துட்டேன்டா. திரி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

வெகுநேரம் யோசித்தான். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்தான். "சரி விடுக்கா." அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். அப்பாடா, ஒரு பாரம் இறங்கியது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் மறுபடியும் கேட்டான்.

இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் அவளோடு சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனேன். அவள் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, கேட்டுவிட்டான். ஒரு வார்த்தை குறைக்காமல் பதில் சொன்னாள். அவன் யோசித்தான், கையைப் பிடித்தான், சரி விடுக்கா என்றான். அடுக்களைக்குள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "தினம் தினம் எதுக்குக்கா இந்தச் சித்திரவதை? ஏதாவது ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயேன். அவனுக்கு நாளைக்கு ஞாபகமா இருக்கப் போகுது?"

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பொய் சொன்னா, அவன் 'சரி விடுக்கா'ன்னு சொல்ல மாட்டானே," என்றாள்.